செவலை கொடுத்த கவளம்

மயிலைக் காளை, வெள்ளையன் என்ற இன்னொரு காளையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது மாட்டுச் சந்தையில். வெள்ளையன் கழுத்தில் பூமாலை இருந்தது. கொம்புகளில் பித்தளைக் குப்பி மின்னியது. முதுகில் அப்படி ஒரு பளபளப்பு. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று ஆட்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

"என்ன தின்னா இப்படி ஆகலாம்?" என்று மயிலை கேட்டது.

வெள்ளையன் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"தானியம்! மக்காச்சோளம், கம்பு, பருத்திக்கொட்டை. புல்லை வாயில வெச்சு ஒரு வருசமாச்சு!"

பேசும்போது வெள்ளையன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. குளம்பு வலித்ததால் அப்படி நின்றது. மயிலை அதை மிடுக்கு என்று நினைத்துக்கொண்டது.

நான்காம் நாள் வெள்ளையன் செத்துப்போனது. அந்தச் செய்தி மயிலைக்கு அப்போது வரவில்லை. பளபளப்பு மட்டும்தான் அதன் கண்ணோடு ஊருக்கு வந்தது.

மயிலையை வளர்த்தவன் சென்னியப்பன். நாலு பேர் பார்த்து வைக்கட்டும் என்றுதான் அதைச் சந்தைக்கு ஓட்டிப் போயிருந்தான். அவனுக்கு ஒரு கொரங்காடு உண்டு. கொரங்காடு என்றால் உழாமல் மேய்ச்சலுக்கே விட்ட காடு. சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும் முளைத்துக் கிடக்கும். நடுநடுவே வெள்வேல மரங்கள் நிற்கும். காலையில் உள்ளே விட்ட மாடுகள் தாமாக மேய்ந்து, தொட்டியில் தண்ணீர் குடித்து, மரத்தடியில் படுத்து அசை போடும். கூட ஆள் நிற்க வேண்டியதில்லை.

அந்தக் காட்டில் மயிலையும் செவலையும் ஒன்றாக வளர்ந்தன. இரண்டும் ஒரே மாதத்தில் பிறந்த காளைகள். கன்றுகளாக இருந்தபோது ஒரே நிழலில் படுத்தன. வயது மூன்றைத் தாண்டியதும் முட்டிக்கொள்ள ஆரம்பித்தன. வேலி இரண்டு இடத்தில் பிய்ந்தது.

ஒரு நாள் சென்னியப்பன் தொட்டியருகே நின்று மனைவி தெய்வாத்தாளிடம் பேசினான். இரண்டு காளைகளும் தண்ணீர் குடித்தபடி கேட்டன.

"ஒரே காட்டுல ரெண்டு காளை ஆகாது தெய்வா. சித்திரைச் சந்தைக்கு ரெண்டையும் ஓட்டிட்டுப் போறேன். எதைப் பாத்து நாலு பேர் நிக்கறாங்களோ, அது நம்ம பூச்சிக்காளை."

"அப்ப இன்னொண்ணு?"

"லாரிக்காரன் கேட்டுட்டேதான் இருக்கறான்."

பசுக்களோடு விட்டு வைத்துக்கொள்ளும் காளைக்குப் பூச்சிக்காளை என்று பெயர். அதற்குக் கடைசிவரை காடு உண்டு. லாரியில் ஏறிய மாடு எதுவும் திரும்பி வந்ததை அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் மயிலை காட்டுக்குப் போக மறுத்தது. தொழுவத்தில் காலியான தீனித் தொட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. சென்னியப்பனுக்கும் சந்தையில் பார்த்த வெள்ளையன் நினைவுக்கு வந்தது.

"சரி, இது கட்டுத்தறியில தானியம் தின்னட்டும். அது காட்டுல புல்லு தின்னட்டும். எது தேறுதுன்னு பாத்துருவோம்!" என்றான்.

தொழுவத்தை ஒட்டித் தீனி அறை இருந்தது. அதன் அடியில் ஒரு பெருச்சாளி குடியிருந்தது. முதல் மூட்டை வந்து இறங்கியதுமே அது வளைக்கு வெளியே வந்து கும்பிட்டது.

"வாங்க ராசா! நீங்க எப்பவோ வந்திருக்கோணும். இந்த ஒடம்புக்குப் புல்லா? புல்லு ஏழை தின்னறதுங்க!"

"நீ யாரு?" என்றது மயிலை.

"மூட்டைக்குக் காவக்காரன்னு வெச்சுக்குங்க. நீங்க தின்னா எனக்குச் சந்தோசம். அவ்வளவுதான்!"

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு அந்த அறையில் ஒரே ஒரு மூட்டை இருக்கும். கால்படி குறைந்தாலும் தெய்வாத்தாள் கண்டுபிடித்துவிடுவாள். இப்போது கூரை முட்ட மூட்டைகள். எதைக் காளை தின்றது, எதைப் பெருச்சாளி தின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. காய்ந்த சோளத்தண்டான தட்டைத் தின்ற பிறகு மயிலைக்குக் கொஞ்சம் மாவும் கொஞ்சம் பருத்திக்கொட்டையும் கிடைத்தன. இருபதே நாளில் முதுகு மினுங்கத் தொடங்கியது. விலா எலும்புகள் மறைந்தன. சென்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அவன் ஒரு தப்புச் செய்தான்.

"தட்டு போய் வயித்துல எடத்தை அடைச்சுக்குது. அதை நிறுத்திட்டா இன்னும் ரெண்டு படி மாவு உள்ள போகும்!"

"அசை போடறதுக்கு ஏதாச்சும் வேண்டாமுங்களா?" என்றாள் தெய்வாத்தாள்.

"அசை போட்டு என்ன ஆகப்போகுது? சும்மா படுத்துக்கிட்டு மெல்லற வேலை!"

அன்றிலிருந்து தட்டு நின்றது. தானியம் மட்டும்தான். மாவை மெல்ல வேண்டியதில்லை; நக்கினாலே போதும். மயிலை அசை போடுவதும் நாளுக்கு நாள் குறைந்தது.

சாயங்காலம் காட்டிலிருந்து திரும்பிய செவலை தொழுவத்து வாசலில் நின்றது. அதன் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"என்ன மாப்ளே, இன்னும் மென்னுட்டே இருக்கறியா? காலையில தின்னதைச் சாயங்காலமும் மெல்லறது ஒரு பொழப்பாடா!" என்றது மயிலை.

"மெல்லாம முழுங்கறதுன்னா நான் எதுக்கு மாடாப் பொறந்தேன்? கோழியாப் பொறந்திருக்கலாமே!"

"உன் வெலா எலும்பை எண்ணிரலாம்டா!"

"தாராளமா எண்ணிக்க. மாசி, பங்குனியில காட்டு மாடு எல்லாத்துக்கும் எண்ணலாம். ஒரு மழை பேஞ்சா மறைஞ்சிரும். அது கெடக்கட்டும், உன் சாணி ஏண்டா தண்ணியாப் போகுது?"

மயிலை திரும்பிப் பார்த்தது. பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டது.

"அது பெரிய எடத்துச் சாணி! உனக்கு எங்க தெரியப்போகுது?"

பெருச்சாளி வளைக்குள்ளிருந்து விழுந்து விழுந்து சிரித்தது.

"தானியம் கெட்டதுன்னு நான் சொல்லலே. போன வாரம் எனக்கும் ஒரு கைப்பிடி போட்டாங்க. ருசியாத்தான் இருந்துச்சு. தின்னுட்டு மேயப் போயிட்டேன். நீ மேயவே போறதில்லையே, மாப்ளே!" என்றது செவலை.

"போடா, புல்லுத்தின்னி!"

செவலைக்குக் கோபம் வந்தது. வாலைச் சுழற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

சில நாள் கழித்து ஓர் உண்ணிக்கொக்கு செவலையின் முதுகில் வந்து உட்கார்ந்தது. மாடு மாடாகத் திரியும் பறவை என்பதால் அதற்கு ஊர்ச் செய்தி எல்லாம் தெரியும். வெள்ளையன் செத்த கதையை அது ஒன்று விடாமல் சொன்னது. செவலை மேய்வதை நிறுத்தியது.

"இதை அப்படியே மயிலைகிட்டப் போய்ச் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டான்."

கொக்கு தொழுவத்துக்குப் பறந்தது.

"காளையாரே! சந்தையில பாத்தீங்களே வெள்ளையன், அது செத்துப்போச்சு! வயிறு புளிச்சு, காலு நிக்க முடியாம விழுந்து, நாலாம் நாள் போயிருச்சு. வெறும் தானியம் ஆகாதுங்க. கொஞ்சம் தட்டாவது கேட்டுத் தின்னுங்க!"

மயிலை திடுக்கிட்டது. உள்ளுக்குள் ஏதோ உறைத்தது. சில நாளாக அதன் குளம்புகளும் சூடாகத்தான் இருந்தன.

"உன்னை யாரு அனுப்பினது?" என்று பெருச்சாளி குறுக்கே கேட்டது.

"செவலைதான்," என்றது கொக்கு. பொய் சொல்ல அதற்குத் தெரியாது.

"பாத்தீங்களா ராசா! சந்தைக்குப் பத்து நாள்கூட இல்லே. அவன் பயந்துட்டான். உங்களை எளைக்க வெச்சு லாரியில ஏத்தத் திட்டம் போடறான்!"

லாரி என்ற சொல்லைக் கேட்டதும் மயிலை கொக்கைக் கொம்பால் விரட்டியது. மயிலைக்குப் பளபளப்பின் மேல் ஆசை என்பது பாதிதான். மீதிப் பாதி பயம். பயத்தில் இருப்பவனுக்கு நல்லது சொல்பவன் எதிரியாகத் தெரிவான். இனிக்கப் பேசுபவன் நண்பனாகத் தெரிவான். மயிலைக்கும் அப்படித்தான் ஆனது.

சந்தைக்கு எட்டு நாள் இருந்தது. சென்னியப்பனும் தெய்வாத்தாளும் ஒரு காதுகுத்து விருந்துக்காகப் பக்கத்து ஊர் போனார்கள். உச்சி வெயில். தொழுவத்தில் ஆளில்லை. தீனித் தொட்டிக்கு மேலே திட்டில் எடுத்து வைத்திருந்த மூட்டையின் அடியைப் பெருச்சாளி கடித்து ஓட்டை போட்டது. மக்காச்சோள மாவு அருவி போலத் தொட்டியில் கொட்டியது.

"இன்னிக்கு ஒரே நாள்ல பத்து நாள் தீனி! தின்னுங்க ராசா!"

மயிலை தின்றது. வயிறு நிறைந்ததும் நிமிர்ந்தது.

"போதும். நெறைஞ்சிருச்சு."

"நெறைஞ்ச வயிறா, நெறையாத வயிறான்னு லாரிக்காரன் பாக்கறதில்லைங்க!" என்றது பெருச்சாளி.

மயிலை மறுபடியும் குனிந்தது. அது தலையைத் தூக்கியபோது தொட்டி காலியாக இருந்தது. பக்கத்து மூட்டையில் பாதியைப் பெருச்சாளி வளைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு மயிலைக்குத் தாங்க முடியாத தாகம் எடுத்தது. ஒரு தாழி தண்ணீரையும் குடித்துத் தீர்த்தது. உள்ளே மாவு ஊறிப் பெருத்தது.

பொழுது சாய விருந்திலிருந்து திரும்பியவர்கள் பதறிப்போனார்கள். மயிலையின் இடது வயிறு தூக்கி நின்றது. மூச்சில் புளித்த வாடை அடித்தது. கண் சொருகியிருந்தது. வாய் அசையவே இல்லை. விடிவதற்குள் அது படுத்துவிட்டது.

காலையில் மாட்டு டாக்டர் வந்தார். வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். ஊசி போட்டார். ஆப்பசோடாவைக் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றச் சொன்னார்.

"உள்ள எல்லாம் தோசைமாவு மாதிரி புளிச்சுப் போச்சு," என்றார். "மாட்டு வயித்துல கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிருங்க இருக்குது. புல்லைச் செரிக்க வெக்கறது அதுங்கதான். இந்தப் புளிப்புல அதெல்லாம் செத்திருக்கும். காட்டுலயே மேயற மாட்டோட அசையை எடுத்து இது வாயில குடுத்துட்டே இருங்க. சாயங்காலத்துக்குள்ள இது அசை போட்டாப் பொழைச்சுக்கும். இல்லேன்னா என் கையில இல்லே."

பசுக்களுக்குப் பாலுக்காகத் தவிடும் புண்ணாக்கும் போகும். முழுக்கக் காட்டை நம்பி மேய்ந்தது செவலை மட்டும்தான். அதைக் கொண்டுவந்து மயிலைக்குப் பக்கத்தில் கட்டினார்கள். தெய்வாத்தாள் கையைக் கழுவிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். செவலை கவளத்தை வயிற்றிலிருந்து வாய்க்குக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் அவளால் எடுக்க முடியும்.

ஆனால் கவளம் வரவில்லை. மாடு நிம்மதியாக இருந்தால்தான் அசை போடும். செவலைக்கு அந்தப் புளிப்பு வாடை பயத்தைக் கிளப்பியது. கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது.

"என்ன தெய்வா, இது அசையே போடாதாட்ட இருக்குதே!" என்று சென்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சத்தம் போடாதீங்க. நீங்க அந்தப் பக்கம் போங்க," என்றாள் தெய்வாத்தாள். தானும் தண்ணீர் எடுத்து வர எழுந்து போனாள்.

அவள் தலை மறைந்ததும் பெருச்சாளி எட்டிப் பார்த்தது.

"டேய் செவலை! அப்படியே வாயை மூடிட்டு நில்லு. வேறொண்ணும் பண்ண வேண்டாம். சாயங்காலத்துக்குள்ள காடு உன்னுது! லாரி உன்னைத் தேடி வராது. நாளைக்கு இந்த மூட்டையெல்லாம் உனக்குத்தான்!"

பெருச்சாளி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று செவலைக்குத் தெரிந்தது. சும்மா நின்றால் போதும். யாரும் குறை சொல்ல முடியாது. பயந்த மாடு அசை போடாது என்று ஊருக்கே தெரியும்.

மயிலை கண்ணைத் திறந்தது.

"மாப்ளே... கொக்கு சொன்னது நெசமா?"

"நெசம்."

"எதுக்கு எனக்குச் சொல்லி அனுப்புனே?"

"நீ சாகக் கூடாதுன்னுதான். வேற எதுக்குடா?"

"லாரியை நெனைச்சுப் பயந்துட்டேன்டா."

"நான் மட்டும் என்ன? தெனமும் அதை நெனைச்சுட்டேதான் மேஞ்சேன்."

செவலை கயிற்றை இழுப்பதை நிறுத்தியது. முன்னங்கால்களை மடக்கி, மயிலையின் முதுகோடு முதுகு படும்படி படுத்தது. கண்ணை மூடிக்கொண்டது. பெருச்சாளி இன்னும் ஏதோ சொன்னது. செவலை அதைக் காதில் வாங்காமல் மூச்சை மெல்ல மெல்ல விட்டது. புளிப்பு வாடை போகவில்லை. ஆனால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

தொண்டையில் ஓர் உருண்டை ஏறி வந்தது. செவலை மெல்லத் தொடங்கியது.

தெய்வாத்தாள் அடி வைக்கும் சத்தம் கேட்காமல் வந்து உட்கார்ந்தாள்.

"சாமி, அதை எனக்குக் குடு. எங்கண்ணுல்ல, குடு!"

அவள் வாய்க்குள் கையை விட்டாள். வேறு நேரமாக இருந்தால் செவலை தலையை உதறியிருக்கும். இப்போது வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. பச்சைக் கவளம் அவள் கைக்கு வந்தது. அப்படியே அதை மயிலையின் வாயில் வைத்து, தாடையைத் தூக்கிப் பிடித்து விழுங்க வைத்தாள்.

கவளத்தைப் பறிகொடுத்த செவலை மறுபடியும் ஒன்றைக் கொண்டுவந்தது. அதையும் கொடுத்தது. பிறகு இன்னொன்று. மத்தியானம் வரை அது தன் தீனியில் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு, கொஞ்சத்தைத்தான் தான் விழுங்கியது. பெருச்சாளிக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. வளைக்குள் போய்விட்டது.

வெயில் தாழ்ந்தபோது தெய்வாத்தாள் கத்தினாள்.

"ஏனுங்க! ஓடியாங்க! தாடை ஆடுது பாருங்க!"

மயிலையின் தாடை ஒரு முறை இடப்பக்கம் நகர்ந்தது. நின்றது. பிறகு வலப்பக்கம் நகர்ந்தது. அது அசை போட்டது.

சித்திரைச் சந்தை வந்து போனது. இரண்டு காளைகளும் போகவில்லை. மயிலை எழுந்து நிற்கவே பத்து நாள் ஆனது. குளம்புகள் கெட்டு நடை கோணியது. முதுகின் பளபளப்பு போன இடம் தெரியவில்லை. மீதித் தானியத்தைச் சென்னியப்பன் ஊராருக்குக் கொடுத்துவிட்டு, பசுக்களுக்கு வேண்டியதை மட்டும் மூடி போட்ட தகர டிரம்மில் போட்டு வைத்தான். இரண்டு நாள் தகரத்தைச் சுரண்டிப் பார்த்த பெருச்சாளி மூன்றாம் நாள் அடுத்த ஊர்க் கோழிப்பண்ணைக்குக் குடி போனது.

பிறகு ஒரு நாள் லாரி வந்து வேலியோரம் நின்றது.

"அந்த நொண்டிக் காளையைக் குடுத்துருங்கண்ணா. ரெண்டையும் வெச்சுட்டு என்ன பண்ணப் போறீங்க? முட்டிக்கிட்டுச் சாகும்!" என்றான் லாரிக்காரன்.

சென்னியப்பன் மனைவியைப் பார்த்தான். தெய்வாத்தாள் அவனைப் பார்க்காமல் மயிலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல காட்டுக்குள்ள விட்டுப் பாக்கறேன். முட்டிக்கிச்சுன்னா ஏத்திக்க," என்றான் சென்னியப்பன்.

காட்டு வாசலின் படலைத் திறந்துவிட்டார்கள். மயிலை நொண்டிக்கொண்டே உள்ளே போனது. தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த செவலை நிமிர்ந்தது. தலையைத் தாழ்த்தியது. நேராக மயிலையை நோக்கி வந்தது. லாரிக்காரன் லாரியின் பின்கதவைத் திறந்து வைத்தான்.

மயிலைக்கு ஓடக் காலில்லை. நின்ற இடத்திலேயே நின்றது.

"முட்டறதுன்னா முட்டிக்க மாப்ளே. நான் தப்புச் சொல்ல மாட்டேன்," என்றது.

செவலை மயிலையின் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தது. ஒரு முறை அல்ல, இரண்டு மூன்று முறை முகர்ந்தது. அதற்கு வியப்பாக இருந்தது.

"டேய், உன் மூச்சுல என் வாசம் அடிக்குதுடா!"

"அடிக்காம? தின்னதெல்லாம் உன்னுதுதானே!"

செவலை பக்கத்தில் இருந்த புல்லில் வாயை வைத்தது. மயிலையும் குனிந்து அதே புல்லின் மறுபக்கத்தைக் கடித்தது. கொஞ்ச நேரம் காட்டில் புல் கடிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"முட்டிக்கலையே!" என்றான் சென்னியப்பன்.

லாரிக்காரன் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

அந்த ஆனி மாதத்தில் மழை பெய்தது. செவலையின் விலா எலும்புகள் மறைந்தன. அடுத்த கோடையில் புல் காய்ந்தபோது சென்னியப்பன் இரண்டு காளைகளுக்கும் தானியம் போட்டான். முதலில் தட்டு, பிறகு ஒரு கைப்பிடி தானியம். ஒரு வாரம் கழித்துத்தான் இரண்டு கைப்பிடி. மயிலை அதைத் தின்றுவிட்டுப் படுத்து, நெடுநேரம் அசை போட்டது.

புல்லோ தானியமோ, எதைக் கொடுத்தாலும் உண்பவரின் வயிறு பழகும் வேகத்தில் கொடுக்க வேண்டும். பயத்திலும் அவசரத்திலும் ஏற்றிய கொழுமை உயிருக்கே உலை வைக்கும்.

சென்னியப்பனின் கொரங்காட்டில் இப்போது இரண்டு காளைகளும் நான்கு பசுக்களும் மேய்கின்றன.